முடக்குவாதம்: இத்தனை மருந்துகளையும் ஒன்றாகச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. நான்கு வருடமாக ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்கிற முடக்குவாதம். வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மி.கி. சாப்பிடுகிறேன். ஃபோலிக் அமிலமும் உண்டு. ஆறு மாதமாக விரல் மூட்டுகளில் வீக்கம் திரும்ப வந்துவிட்டது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை மடக்க முடிவதில்லை. மருத்துவர் இப்போது லெஃப்ளுனோமைடு 10 மி.கி. சேர்த்திருக்கிறார். கூடவே கொஞ்ச நாளைக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 7.5 மி.கி. இதற்கும் அடங்காவிட்டால், நோயைத் தூண்டும் புரதங்களையோ செல்களையோ தடுக்கும் பயாலஜிக் ஊசி என்கிறார். 'எல்லாமே எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து, மொத்தமாகச் சாப்பிட்டால் உடம்பில் என்னதான் மிஞ்சும்?' என்று வீட்டில் கேட்கிறார்கள். பயந்துபோய் லெஃப்ளுனோமைடு அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. ஸ்டீராய்டை மட்டும் பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது, இதுவே போதும் போலிருக்கிறது. வலி அதிகமானால் டைக்ளோஃபெனாக் நானே வாங்கிப் போட்டுக்கொள்வேன். போன மாதப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம் 52 என்று வந்தது, 40 வரைதான் இருக்க வேண்டுமாம். எடை 58 கிலோ. புது மருந்தைத் தொடங்கினால் பழையதை விட்டுவிடலாமா? காய்ச்சல் வந்தால் எதை நிறுத்துவது? இதையெல்லாம் எத்தனை காலம் சாப்பிட வேண்டும்?

பதில்:

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை உறுத்தியது லெஃப்ளுனோமைடு இல்லை, டைக்ளோஃபெனாக். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை எல்லாம் விரல்விட்டு எண்ணிப் பயந்திருக்கிறீர்கள். யாரும் எழுதிக் கொடுக்காமல் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்வது அந்தக் கணக்கிலேயே வரவில்லை. இந்த மருந்துகளால் ஏற்பட்ட விபத்துகளில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் வந்தன. மருத்துவர் தெரிந்து சேர்த்த மருந்துக்கு ரத்தப் பரிசோதனை உண்டு, அளவு உண்டு, திரும்ப வரச் சொன்ன தேதி உண்டு. அவருக்குத் தெரியாமல் உள்ளே வருகிற மருந்துக்கு இது எதுவும் கிடையாது.

சரி, முதலில் உங்கள் வீட்டார் கேட்ட கேள்வி. எல்லாமே எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்தா? இல்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயினை அந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். நோய் எதிர்ப்பு அமைப்பின் போக்கை அது கொஞ்சம் மாற்றுகிறது. தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுவதில்லை. அதில் நாம் கவனிப்பது கண்ணை. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. தாண்டக் கூடாது என்பது கணக்கு. உங்கள் 58 கிலோவுக்கு 290 வரை போகலாம், நீங்கள் சாப்பிடுவது 200. தொடங்கும்போது ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை, ஐந்து வருடம் ஆனதும் வருடத்துக்கு ஒரு முறை. உங்களுக்கு நான்கு வருடம் ஆகிவிட்டது, அதனால் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலம் மெத்தோட்ரெக்சேட்டின் தொந்தரவுகளைக் குறைக்கக் கொடுப்பது. ஆக, உண்மையில் யோசிக்க வேண்டியவை மூன்று: மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளுனோமைடு, ஸ்டீராய்டு.

இந்த அளவுகளில் அவை எதிர்ப்பு சக்தியை ஒழித்துவிடுவதில்லை. பொங்கி வழிகிற அடுப்பைத் தணித்து வைப்பது போன்றது இது. யாரும் அணைத்துவிடச் சொல்லவில்லை. புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட் கொடுக்கும் அளவும் மூட்டுக்குக் கொடுக்கும் அளவும் வேறு வேறு. மூட்டுக்கு வாரம் 7.5 முதல் 25 மி.கி. வரைதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடங்காத முடக்குவாதமே தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, மாரடைப்பு வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. மருந்து சாப்பிடாமல் இருப்பது பாதுகாப்பான பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே வீங்கிய மூட்டு மாதக்கணக்கில் எலும்பை அரித்துக்கொண்டிருக்கும். அரித்த எலும்பு எந்த மருந்துக்கும் பழைய நிலைக்கு வராது.

மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது யாரோ குத்துமதிப்பாகத் தொடங்கிய பழக்கமும் இல்லை. 1996-ல் வந்த ஓர் ஆய்வில் 102 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து இரண்டு வருடம் பார்த்தார்கள். மெத்தோட்ரெக்சேட் மட்டும் சாப்பிட்டவர்களில் 33 சதவீதம் பேருக்குப் பாதிக்குமேல் நோய் குறைந்து, பெரிய பக்கவிளைவும் இல்லாமல் இருந்தது. அதோடு சல்ஃபாசலசினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் அது 77 சதவீதம். மூன்று மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பக்கவிளைவு மூன்று மடங்கு ஆகிவிடவில்லை. உங்களுக்கு எழுதிய ஜோடியை 2002-ல் வந்த இன்னோர் ஆய்வு சோதித்தது. மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களுக்கு லெஃப்ளுனோமைடு சேர்த்தபோது 46 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஆனால் கல்லீரல் என்சைம்கள் ஏறியவர்களும் லெஃப்ளுனோமைடு சேர்த்த பக்கத்தில்தான் அதிகம்.

அதனால் உங்கள் 52-க்கு வருகிறேன். அது பயப்படும் எண் இல்லை. கல்லீரல் என்சைம் இயல்பான வரம்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தால் லெஃப்ளுனோமைடைத் தொடங்க மாட்டோம். உங்கள் கணக்கில் அது 80. ஆனாலும் கல்லீரலில் வேலை செய்கிற ஒரு மருந்தோடு அதேபோன்ற இன்னொன்றைச் சேர்க்கப் போகிறோம் என்றால், ஏற்கெனவே கொஞ்சம் ஏறியிருப்பதற்குக் காரணம் தெரிய வேண்டும். டைக்ளோஃபெனாக்கே இந்த எண்ணை ஏற்றக்கூடியது. கல்லீரலில் கொழுப்பு இருந்தாலும் ஏறும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ ரத்தம் கொடுத்திருந்தாலும் தற்காலிகமாக ஏறிக் காட்டும். என்னிடம் வந்திருந்தால் நான் செய்திருப்பது இதுதான்: டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து, வாராந்திர மாத்திரை போடுவதற்கு முந்தைய நாள் ரத்தம் எடுக்கச் சொல்வேன். பி, சி வகை மஞ்சள் காமாலைப் பரிசோதனைகள் இதுவரை செய்யவில்லை என்றால் அதையும் சேர்த்து. மது அருந்தும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் ஒளிக்காதீர்கள். இந்த ஜோடியோடு அது ஒத்துவரவே ஒத்துவராது.

இங்கே உங்கள் மருத்துவரிடம் நீங்கள் கேட்கலாம் என்று இரண்டு கேள்விகள் தோன்றுகின்றன. அவர் செய்தது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் ஏற்கெனவே யோசித்துத் தள்ளியிருக்கலாம், காரணத்தை உங்களுக்குச் சொல்ல நேரம் இல்லாமல் போயிருக்கலாம். முதல் கேள்வி: மெத்தோட்ரெக்சேட் 15-லேயே நிற்கிறதே, 20 அல்லது 25-க்கு ஏற்றிப் பார்க்கலாமா? 15-க்கு மேல் போனால் மாத்திரையைக் குடல் முழுதாக உறிஞ்சுவதில்லை, அதையே தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றினால் பலருக்கு நன்றாகக் கேட்கிறது, வாந்தி உணர்வும் குறைகிறது. இரண்டாவது: லெஃப்ளுனோமைடுக்குப் பதில் சல்ஃபாசலசின் சேர்க்கலாமா? சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கூடாது. மாத்திரைகளின் எண்ணிக்கையும் அதிகம்தான், ஆனால் கல்லீரல் எண் கொஞ்சம் ஆடுகிறவர்களுக்கு நான் அந்தப் பக்கம் சாய்வேன்.

அதைவிட முக்கியமாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. உங்களுக்கு 43 வயது. மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை என்றால், கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தாலும் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளுனோமைடும் இரண்டுமே கருவைக் கடுமையாகப் பாதிக்கும். நம்பகமான கருத்தடை இல்லாமல் இந்த இரண்டையும் சாப்பிடக் கூடாது. லெஃப்ளுனோமைடில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அது உடம்பை விட்டு எளிதில் போகாது. பாதி அளவு வெளியேறவே சுமார் இரண்டு வாரம் ஆகும், சிலருக்கு மொத்தமும் தீர இரண்டு வருடம்கூட ஆகலாம். அவசரமாக வெளியேற்ற வேண்டும் என்றால் கொலஸ்டிரமைன் என்ற பொடியை 8 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 11 நாள் கொடுப்போம். இந்தப் பேச்சை நாற்பதைத் தாண்டியவர்களிடம் மருத்துவர்களும் எடுப்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த ஸ்டீராய்டு. பத்து நாளில் வீக்கம் வடிந்தது, இதுவே போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள்மேல் தப்பில்லை, அந்த மருந்தின் குணமே அப்படி. 1948-ல் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்பவர் முடக்குவாதத்தால் நடக்கவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண் ஒருவருக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நன்றாக நடந்தார். உலகமே அசந்தது. 1950-ல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்புறம்தான் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பது ஒவ்வொன்றாகத் தெரியவந்தது: எலும்பு தேய்வது, சர்க்கரை ஏறுவது, முகம் உப்புவது, கண்புரை, தொற்று. உங்கள் பட்டியலில் தொற்று வரும் வாய்ப்பை அதிகம் கூட்டக்கூடியது எது என்று என்னைக் கேட்டால், நீங்கள் பயந்து ஒதுக்கிய மாத்திரையைச் சொல்ல மாட்டேன். போதும் என்று நினைக்கிற ஸ்டீராய்டைத்தான் சொல்வேன். அளவும் காலமும் கூடக் கூட அந்த ஆபத்தும் கூடுகிறது.

லெஃப்ளுனோமைடு வேலை செய்யத் தொடங்க நாலைந்து வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். அதுவரை உங்களைத் தாங்கிப் பிடிக்கத்தான் ஸ்டீராய்டு. அந்த மருந்தைத் தொடங்காமல் இதை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மூன்று மாதம் கழித்து அதே இடத்தில்தான் நிற்பீர்கள், ஆனால் அப்போது ஸ்டீராய்டை விடவும் முடியாது. அதற்காகப் படித்த வேகத்தில் நாளைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் உடனே எழுந்து வராது. தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது என்று ஆபத்தில் போய் முடியலாம். மருத்துவர் சொல்கிற வேகத்தில் படிப்படியாகக் குறைத்து, முடிந்தவரை மூன்று மாதத்துக்குள் நிறுத்துவது என்பதுதான் இன்றைய வழிமுறை. கால்சியமும் வைட்டமின் டியும் எழுதித் தந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

புது மருந்து தொடங்கினால் பழையதை விட்டுவிடலாமா என்றால், கூடாது. லெஃப்ளுனோமைடை 'மாற்றி' எழுதவில்லை, 'சேர்த்து' எழுதியிருக்கிறார். ஒன்று போதாததால் இரண்டு. மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக விட்டால், மறுபடி ஒரே மருந்துதான்.

மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கே அலுக்கவில்லை: வாரத்தில் ஒரே ஒரு நாள். வேறொரு ஊரில் சிகிச்சையைத் தொடங்கிய ஒரு பெண் என்னிடம் வந்திருந்தார். வாய் முழுக்கப் புண், தண்ணீர் விழுங்கவே முடியவில்லை, மூன்று நாளாகக் காய்ச்சல். பையில் இருந்த மாத்திரைகளை எல்லாம் மேசையில் கொட்டச் சொன்னேன். மெத்தோட்ரெக்சேட் அட்டையில் பத்தில் ஆறு காலி. ஃபோலிக் அமில அட்டையில் ஒன்றுதான் குறைந்திருந்தது. இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. புது அட்டை வாங்கியபோது எது தினமும், எது வாரம் என்று மாறிப்போய்விட்டது. வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறைந்திருந்தன. உடனே மருத்துவமனையில் சேர்த்து ஃபோலினிக் அமில ஊசி கொடுக்க வேண்டியிருந்தது. பிழைத்துவிட்டார். எல்லாரும் பிழைப்பதில்லை.

அதனால் ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். மருந்துச் சீட்டில் அந்தக் கிழமையின் பெயரையே எழுதித் தரச் சொல்லுங்கள். 'வாரம் ஒரு முறை' என்று மட்டும் இருந்தால் போதாது. அட்டையின் மேல் மார்க்கரால் நீங்களும் எழுதுங்கள். 15 மி.கி. என்பது எத்தனை மாத்திரை என்பதையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள், ஏனென்றால் 2.5-லும் வருகிறது, அதைவிடப் பெரிய அளவுகளிலும் வருகிறது. ஒரு வாரம் மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அந்த வாரம் போகட்டும், அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

வெளியிலிருந்து வந்து சேரும் மருந்துகளில் நீங்கள் பெயரோடு நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: கோ-டிரைமாக்சசோல். சிறுநீர்த் தொற்றுக்கும் மற்ற சில தொற்றுகளுக்கும் சாதாரணமாக எழுதப்படும் ஆண்டிபயாட்டிக். அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் என்ற பகுதி, மெத்தோட்ரெக்சேட் எங்கே கை வைக்கிறதோ அதே ஃபோலேட் பாதையில் கை வைக்கிறது. கூட இருக்கும் சல்ஃபா பகுதி, சிறுநீரகம் மெத்தோட்ரெக்சேட்டை வெளியேற்றுவதைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதே நின்றுபோகலாம். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, எனவே பல் மருத்துவர், பெண்கள் நல மருத்துவர், யாரிடம் போனாலும் முதல் வாக்கியம் 'நான் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன்' என்பதாக இருக்கட்டும். இதே ரகத்தில் இன்னொரு ஜோடி, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் அசதயோப்ரினும், யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோப்யூரினாலும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை, ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

டைக்ளோஃபெனாக்கை ஏன் இவ்வளவு திட்டுகிறேன்? சிறுநீரகம் நன்றாக இருக்கும் பலருக்கு மெத்தோட்ரெக்சேட்டோடு வலி மாத்திரையும் நாங்களே கொடுக்கிறோம், அது உண்மை. உங்கள் நிலைமையில் அது நாலு பக்கமும் இடிக்கிறது. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியலாம். சிறுநீரகத்தின் வேலையைக் குறைத்தால் மெத்தோட்ரெக்சேட் உடம்பில் தங்கும். கல்லீரல் எண்ணை ஏற்றிக் குழப்பும். லெஃப்ளுனோமைடு, ஸ்டீராய்டு, வலி மாத்திரை, மூன்றுமே ரத்த அழுத்தத்தைத் தனித்தனியாக ஏற்றக்கூடியவை. லெஃப்ளுனோமைடு தொடங்கும்போது ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதெல்லாம் போக, வலியை மறைத்துவிட்டால் மருந்து கேட்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போகும். தாங்க முடியாத வலி என்றால் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பாராசிட்டமால் எவ்வளவு வரை போகலாம் என்பதை அவரே சொல்லட்டும், கல்லீரல் எண் கொஞ்சம் ஏறியிருப்பதால். மூட்டுவலிக்கென்று விற்கும் மூலிகைப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்த கதைகள் ஏராளம். என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் இந்த மருந்துகளோடு சேர்க்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனை எப்போது, எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பயம் போகும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல் என்சைம்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இந்த மூன்றும்தான். புது மருந்து சேர்ந்ததும் முதல் மூன்று மாதம் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு முறை. அதற்கப்புறம் இடைவெளியை மெல்ல மூன்று மாதம் வரை நீட்டலாம் என்பது பொது விதி. இந்தக் குறிப்பிட்ட ஜோடிக்கு நான் முதல் வருடம் முழுக்க மாதம் ஒரு முறை பார்த்துவிடுவேன். உங்கள் ஆய்வகக் கணக்கில் எஸ்.ஜி.பி.டி. 80-ஐத் தாண்டினால் அளவைக் குறைக்கவும் சீக்கிரமே மறுபடி பார்க்கவும் வேண்டியிருக்கும், 120-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் நான் சொன்ன அந்தக் கொலஸ்டிரமைன் பொடியைக் கொடுப்போம். முடிவுகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். ஒரு எண்ணைவிட அது போகிற திசை எங்களுக்கு அதிகம் சொல்லும்: 34, 41, 52 என்று ஏறிவந்த 52-ஐ நான் பார்க்கும் விதம் வேறு, 60-லிருந்து இறங்கிவந்த 52-ஐப் பார்க்கும் விதம் வேறு.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? சாதாரணச் சளி, மூக்கொழுகல் என்றால் எதையும் நிறுத்த வேண்டாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், ஆண்டிபயாட்டிக் தேவைப்படும் தொற்று என்றால் மெத்தோட்ரெக்சேட்டையும் லெஃப்ளுனோமைடையும் நிறுத்தி வைத்து அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொடரலாம். ஸ்டீராய்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பு சரியில்லாத நேரத்தில் அது சிலருக்குக் கூடவே தேவைப்படும். வாந்தியால் மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால் ஊசியாகக் கொடுக்க வேண்டும், அதனால் காத்திருக்காமல் போங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி என்று உடம்பில் நீர் வற்றும்போதும் மெத்தோட்ரெக்சேட் கூடாது, அது சிறுநீரகம் வழியாக வெளியேறுகிற மருந்து. காய்ச்சல் இல்லாமலேயே ஓடிப்போய்க் காட்ட வேண்டியவையும் உண்டு: திடீரென்று வரும் வாய்ப்புண், காரணமில்லாத ரத்தக்கட்டு, கண் மஞ்சளாவது, அப்புறம் புதிதாக வரும் வறட்டு இருமலும் மூச்சு வாங்குவதும். இந்தக் கடைசியைச் சளி என்று நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளுனோமைடும் அரிதாக நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும், அப்போது ஒரு மாத்திரைகூட அதிகம்.

தடுப்பூசிகளை இந்த இடைவெளியில் முடித்துவிடுவது நல்லது. இன்ஃப்ளூயன்ஸா, நிமோகாக்கல், அக்கிக்கான உயிரற்ற வகை ஊசி ஆகியவற்றைப் போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட ஊசிகளை மருத்துவரிடம் கேட்காமல் போட வேண்டாம்.

பயாலஜிக் ஊசி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இன்னும் அந்த இடத்துக்கு நீங்கள் வரவில்லை. வந்தால், பெரும்பாலும் லெஃப்ளுனோமைடை விட்டுவிட்டு மெத்தோட்ரெக்சேட்டோடு அந்த ஊசியைச் சேர்ப்பார்கள். அடலிமுமாப் போன்ற ஊசிகளுக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருளை உருவாக்கும், மெத்தோட்ரெக்சேட் அதைக் குறைக்கிறது. அதற்கு முன் காசநோய்க்கான பரிசோதனை கட்டாயம். பழைய காசநோய்க் கிருமிகள் நுரையீரலில் ஒடுங்கிக் கிடந்தால், உடம்பு அவற்றைச் சுற்றிச் செல்களால் வளையம் கட்டி வைத்திருக்கும். அந்த வளையம் கலையாமல் இருக்க டி.என்.எஃப். என்ற புரதம் தேவை, நாம் ஊசியால் தடுப்பதே அந்தப் புரதத்தைத்தான். ஒடுங்கிய காசநோய் இருந்தாலும் ஊசி போடவே முடியாது என்றில்லை. அதற்கான மாத்திரையைத் தொடங்கி ஒரு மாதமாவது ஆன பிறகு போடலாம். மஞ்சள் காமாலை பி வகையும் அப்படித்தான், குறிப்பாக ரிட்டுக்ஸிமாப் என்ற பயாலஜிக் ஊசி என்றால்.

சேர்க்கவே கூடாதது என்று ஒன்று உண்டென்றால் அது இரண்டு பயாலஜிக் ஊசிகள். எடனர்செப்ட்டோடு அனகின்ராவைச் சேர்த்தும், அபடாசெப்ட்டைச் சேர்த்தும் ஆய்வுகள் நடந்தன. மூட்டுக்குப் பெரிதாகக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, கடுமையான தொற்றுகள்தான் கூடின. டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகளையும் பயாலஜிக்கோடு சேர்ப்பதில்லை. அந்த மாத்திரைகளில் 50 வயதைத் தாண்டி இதய நோய்க்கான காரணிகளும் உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் முறை வரும்போது வயது, புகைப் பழக்கம் எல்லாம் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

கடைசிக் கேள்வி, எத்தனை காலம். இப்போதிருந்து மூன்று மாதத்தில் வீக்கம் பாதியாவது குறைய வேண்டும், ஆறு மாதத்தில் நோய் அடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்தை மாற்ற வேண்டும், அதே சீட்டை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. அடங்கிவிட்டால் முதலில் வெளியேறுவது ஸ்டீராய்டு. அப்புறம் ஆறு மாதமாவது அமைதியாக இருந்தால் மற்றவற்றில் ஒன்றைக் குறைத்துப் பார்ப்போம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் மெதுவாக. எல்லாவற்றையும் மொத்தமாக விட்டவர்களில் பலருக்கு நோய் திரும்புகிறது. குறைந்த அளவில் ஒன்றையாவது வைத்திருப்பவர்கள் நீண்ட காலம் நன்றாக இருக்கிறார்கள். அந்த ஒன்று பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்டாகத்தான் இருக்கும். இந்த வாரமே மருத்துவரைக் கூப்பிட்டு, லெஃப்ளுனோமைடு இன்னும் தொடங்கவில்லை, டைக்ளோஃபெனாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்ற இரண்டையும் சொல்லுங்கள். மூன்று மாதக் கணக்கை அவர் ஏற்கெனவே தொடங்கியிருப்பார்.